ஒரே கடலை நம்பி இருக்க முடியுமா?

போன சித்திரையில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டு நின்ற நாட்களில், என் அக்கா மகள் பாம்பனுக்கு வந்தாள். வயது 26. விலங்கியலில் முதுகலை முடித்தவள். மண்டபம் பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்கு மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். வந்தவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. “சித்தி, ஒண்ணு கேக்கணும். வாழ்க்கையில காதல்தான் எல்லாத்தையும் விடப் பெருசா? அது கையில இருந்தா மத்தது இல்லாம நிறைவா இருந்துடலாமா?” என்றாள்.

கேள்விக்குப் பின்னால் ஒரு தேதி இருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து அவள் விரும்பும் பையன் குவைத்தில் வேலை பார்க்கிறான். நல்ல தம்பி. இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. ஆவணியில் கல்யாணம், புரட்டாசியில் இவளும் விமானம் ஏற வேண்டும். “உனக்கு அங்கே வேலை எதுவும் வேண்டாம், நான் சம்பாதிக்கிறேன், நீ என்கூட இருந்தால் போதும்” என்கிறான். அன்பாகத்தான் சொல்கிறான். அந்தப் ‘போதும்’தான் இவளைத் தூங்கவிடவில்லை.

அவள் கண்ணுக்கு மூன்று வழிகள் தெரிந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனோடு போவது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு இங்கேயே இருப்பது, அவன் விடுப்பில் வந்துபோவது. கல்யாணமே வேண்டாம் என்று வேலையோடும் ஊரோடும் இருந்துவிடுவது. அன்றைக்கு நான் ஏதோ சமாளித்து அனுப்பிவிட்டேன். அப்புறம் பல இரவு அதையே யோசித்துக் கிடந்தேன். அவளுக்காகவும் இதே கேள்வியோடு நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் காதலித்துக் கல்யாணம் செய்தவள், 1995இல். இரண்டாவது வருடமே என் வீட்டுக்காரர் சவூதிக்குப் போனார். 14 வருடம் அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். ஆக, அவள் சொன்ன இரண்டாவது வழியில் நான் நடந்தே வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

காதலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அம்மா பெற்றதனால் நேசிக்கிறாள், அக்கா கூடப் பிறந்ததனால் நேசிக்கிறாள். எந்தக் கடமையும் இல்லாத ஒருவர், ஊரில் இத்தனை பேர் இருக்க, நம்மைப் பார்த்து ‘நீதான்’ என்று சொல்கிறாரே, அது வேறு எங்கும் கிடைக்காது. அவர் முதன்முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது பாம்பன் பேருந்து நிறுத்தத்தில். 30 வருடம் கழித்து இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது என் நடை மெதுவாகிவிடும்.

இந்தக் கரையே காதலோடு கட்டப்பட்டதுதான். பழந்தமிழ் இலக்கணம் ஐந்து நிலத்துக்கும் ஆளுக்கொரு மனநிலையைக் கொடுத்தபோது, கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு இரங்கலைக் கொடுத்தது. போனவன் வரவில்லையே என்று ஏங்குவது. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டிலும் இதற்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. திருப்புல்லாணிக்கு வந்த திருமங்கையாழ்வார் பெருமாளைப் பாடத் தன் குரலில் பாடவில்லை. காதலனைப் பிரிந்து கடற்கரையில் தவிக்கும் பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டார். இறைவனிடம் வைத்த அன்பைச் சொல்லக்கூட அதைவிட வலுவான மொழி அவருக்குக் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். காதலின் பக்கம் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் முதல் வழிதானே சரி, அவனோடு போய்விடலாமே?

அகநானூற்றில் எழுபதாவது பாட்டு நம் பக்கத்துப் பாட்டு. ஒரு பெண்ணின் காதலைப் பற்றி ஊரெல்லாம் வம்பு பேசுகிறது. கல்யாணம் நிச்சயமானதும் அந்தப் பேச்சு சட்டென்று அடங்குகிறது. எப்படி அடங்கியது? பாண்டியரின் பழைய கோடியில், ஆலமரத்தடியில் இராமன் ஆலோசனை செய்தபோது மரத்துப் பறவைகள் ஒலி அடங்கினவே, அப்படி. அந்தக் கோடியைத் தனுஷ்கோடி என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எல்லாரும் ஆலமரத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது பாட்டின் தொடக்கம். காதலனை அறிமுகப்படுத்தும்போது அவன் அழகைச் சொல்லவில்லை. வலையில் நல்ல பாடு கிடைத்தால் கொழுத்த அயிலை மீனைப் பகுத்துக் கொடுக்கும் துறையைச் சேர்ந்தவன் என்று சொல்கிறது. முதலில் ஊர் வருகிறது, படகு வருகிறது, மீன் பங்கு பிரிகிறது. அதற்கு நடுவில்தான் காதல் வருகிறது. அந்தத் துறையை எடுத்துவிட்டு, அந்த இரண்டு பேரை மட்டும் ஒரு தெரியாத ஊரின் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தால் அந்தப் பாட்டில் என்ன மிஞ்சும்?

பாம்பனில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல இன்னொரு வழி இருக்கிறது. எங்களுக்கு இரண்டு கடல். பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், வடகடல் குளம்போல இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடலில் வலை போடலாம். ஒரு கடல் மறுத்தால் இன்னொரு கடல் சோறு போடும். காதலை மட்டும் நம்பிப் போகிறவளுக்கு ஒரே கடல். அவன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கும் வேலையில் மனம் நொந்த நாள் வரும், உடம்புக்கு முடியாமல் போகும், பேசப் பிடிக்காத வாரம் வரும். அந்த வாரத்தில் அவள் எங்கே போய் வலை போடுவாள்?

நான் சொல்வது ஊர்க்காரியின் பயம் என்று அவள் நினைக்கக்கூடாது என்பதற்காக ஆராய்ச்சிகளையும் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கிய ஒரு ஆய்வு இன்னும் நடக்கிறது. ஹார்வர்டு மாணவர்கள் 268 பேர், பாஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிப் பையன்கள் 456 பேர், இவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 50 வயதில் தங்கள் உறவுகளில் மனநிறைவோடு இருந்தவர்கள்தான் 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். இரத்தக் கொழுப்பு அளவைவிட இதுதான் அதைச் சரியாக முன்கூட்டிச் சொன்னது. துணையோடு சந்தோஷமாக வாழ்ந்த முதியவர்களுக்கு உடம்பு வலி கூடிய நாளிலும் மனம் தளரவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. காதலின் பக்கம் இதையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஆனால் மொத்தமாகப் பார்த்து அவர்கள் சொன்னது ‘நல்ல உறவுகள்’ என்று. குடும்பம், நண்பர்கள், ஊர் எல்லாம் அதில் அடக்கம்.

ஜெர்மனியில் 24,000க்கும் மேற்பட்டவர்களை 15 வருடம் கவனித்த தரவுகளை வைத்து 2003இல் ஒரு ஆய்வு வந்தது. கல்யாணத்தை ஒட்டி மனநிறைவு உயர்கிறது, பிறகு சராசரியாகப் பழைய அளவை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய. தொடக்கத்தில் பெரிதாக உயர்ந்தவர்கள் சிலர் பல வருடம் கழித்தும் அந்த உயரத்திலேயே இருந்தார்கள். அது கல்யாணத்தை அளந்தது, காதலை அளக்கவில்லை என்று அவள் வாதாடலாம். நியாயம்தான். இருந்தாலும் ‘அது கையில் இருந்தால் மற்றது தானாக நிறைந்துவிடும்’ என்பதற்கு எந்தக் கணக்கும் கைகொடுக்கவில்லை.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இது என் வாழ்க்கை.

அப்போது கைபேசி இல்லை. வெள்ளிக்கிழமை ஐஎஸ்டி பூத்தில் வரிசையில் நிற்க வேண்டும். மீட்டர் ஓட ஓடப் பேச்சு வராது. கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். இரவில் அதைப் போட்டுக் கேட்பேன். மகள் பிறந்தபோது அவர் இல்லை. அவள் பள்ளியில் சேர்ந்தபோதும் இல்லை. ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். நானும் பரிதாபமாக இருப்பதாகத்தான் முதல் இரண்டு மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் நாள் எப்படிப் போனது? காலையில் பக்கத்து வீட்டு அக்கா ஏலத்தில் எடுத்த மீனோடு வந்து, கூடையை இறக்கி, எனக்கு ஒரு கூறு எடுத்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுத்தான் தெருவுக்குப் போவார். மகளுக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் ஏறியபோது தோளில் போட்டுக்கொண்டு ஓடியது அவர்தான். அவருடைய வீட்டுக்காரர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்த மாதங்களில் அவருடைய பிள்ளைகள் என் வீட்டில்தான் படுத்தார்கள். பள்ளிக்கூடத்தில், வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டும் பெண்பிள்ளைகள். பாசி எடுக்கப் போகும் அம்மாவோடு வத்தையில், அந்தச் சின்னப் படகில், ஏறிவிடாமல் அவர்களை வகுப்பில் உட்கார வைப்பதற்கே நான் எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பேன். அதில் ஒருத்தி இன்று செவிலியர். என்னைப் பார்த்ததும் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிடுவாள்.

உண்மையைச் சொல்கிறேன். அவர் இல்லாத அந்த 14 வருடமும் நான் நிறைவாக இருந்தேன். ஏக்கம் இருந்தது, நிறைவும் இருந்தது. இதை அவரிடம் சொல்ல எனக்குப் பல வருடம் ஆனது.

சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “எனக்கு அங்க நீ மட்டுந்தான் இருந்த” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எட்டுப் பேர் படுக்கும் ஒரு அறை. வேலை, பணம் அனுப்புவது, என் கேசட். பேச நினைத்தால் பேச ஆள் இல்லை, கடல் இல்லை, திருவிழா இல்லை, சாவு வீட்டுக்குப் போய் நிற்கக்கூட ஒரு வீடு இல்லை. என்னைக் குறையாமல் நேசித்தார், நானும் அப்படித்தான். ஒரே காதல், ஒரே கல்யாணம். என் பக்கம் அதைச் சுற்றி ஒரு ஊர் இருந்தது, அவர் பக்கம் காதல் மட்டும் இருந்தது. நான் நிறைந்திருந்தேன், அவர் காய்ந்துபோனார். அக்கா மகள் கேட்ட கேள்விக்கு என் கையில் இருக்கிற பதில் இதுதான். எந்த ஆய்வையும்விட இதை நான் நம்புகிறேன்.

அதனால் இரண்டாவது வழியை அவளுக்கு நான் சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தால் அது நல்ல வழிபோலத் தெரியும், செலவு முழுதும் அவர் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால். 2011இல் அவர் திரும்பி வந்தபோது மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து இருக்கவே நாங்கள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இப்போது அவர் சாயங்காலம் கரைக்குப் போய், பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து வலை பொத்திவிட்டு வருகிறார். முகம் தெளிந்திருக்கிறது. அதை நான் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பாதி அந்தக் கரை கொடுத்தது.

மூன்றாவது வழியைப் பற்றி நம் ஊரில் பேசவே விடமாட்டார்கள். “கடைசிக் காலத்தில் யார் பார்ப்பார்கள்?” என்ற ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்கள். இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். பேய்க்கரும்பில் அவரை அடக்கம் செய்த நாளில் இந்தத் தீவில் நின்றவர்கள் யாரும் அதைத் தனியாகப் போன வாழ்க்கை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அவர் சென்னையில் எம்ஐடி பொறியியல் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜொஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சின்ன வயதில் படிப்பைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் பேசி அவரை வளர்த்தது ஜலாலுதீன் மச்சான். துணை இல்லாமல் வாழ்ந்தார், ஆட்கள் இல்லாமல் வாழவில்லை.

எல்லாரும் கலாம் ஆக முடியுமா என்று கேட்பார்கள். வேண்டாம், என் அம்மாச்சியைச் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் எடுத்தபோது தாத்தாவும் போய்விட்டார். அம்மாச்சிக்கு அப்போது 34 வயது. பாம்பனுக்கு வந்து கருவாடு விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மறுபடி கல்யாணம் செய்யவில்லை. தாத்தாவை நினைத்து அவர் அழுததையும் பார்த்திருக்கிறேன், சந்தையில் மற்றப் பெண்களோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். ஒருநாள் நான் கேட்டதற்கு, “ஒரு பக்கச் சுவருதான் விழுந்துச்சு, வீடு நிக்கிதுல்ல” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

அதனால் மூன்றாவது வழியில் குறை இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா மகளுக்கு அது பொருந்தாது. அவள் அவனை விரும்புகிறாள். விரும்புகிற ஒருத்தி, பயத்தினால் விலகி வந்து வேலையில் முகம் புதைத்தால், அந்த வேலை அவளுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

மூன்றையும் இப்படித் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மூன்று வழியிலும் அவன் இருக்கிற இடத்திலேயே இருக்கிறான். போவதா, காத்திருப்பதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவள் இவள் மட்டும்தான். என் காலத்திலும் அப்படித்தான். “நீங்க இங்கேயே இருங்க, குறைஞ்ச வருமானத்துல பார்த்துக்கலாம்” என்று நான் அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பாரோ என்னவோ. அவரும் எனக்காகத்தான் போவதாக நினைத்துக்கொண்டு போனார்.

அவளைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். “பிள்ளை, அவனை இங்க வரச் சொல்லிக் கேட்டியா?” சிறிது நேரம் சத்தமே இல்லை. “அவன் சம்பளம் இங்க கிடைக்காது சித்தி” என்றாள். “அது அவன் சொல்ல வேண்டியது. நீ கேட்டியா?” என்றேன். கேட்கவில்லை.

என் எண்ணத்தை மறைக்காமல் சொன்னேன். அவன் வருவதாக இருந்தால், ஒரு வருடம் தள்ளி வந்தாலும் சரி, யோசிக்காமல் கல்யாணம் செய்துகொள். வர முடியாது, ஆனால் நீ அங்கே படித்த படிப்புக்கு ஏதாவது செய்ய வழி பார்க்கலாம் என்றால், அதையும் உட்கார்ந்து பேசு. நான் உனக்குப் போதாதா என்று அவன் கேட்டால் மட்டும் கல்யாணத்தைத் தள்ளிப் போடு. யாரும் யாருக்கும் அப்படிப் போதுமானவர்களாக இருந்ததை நான் பார்த்ததில்லை. அவனையும் அந்தப் பாரத்தில் மாட்டிவிடாதே.

பத்து நாள் கழித்துப் பேசினாள். கேட்டுவிட்டாளாம். இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை என்றானாம். கடன் இருக்கிறது, தங்கை படிப்பு இருக்கிறது, கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், ஆடி முடிய நேரம் கொடு என்றானாம். அக்காவுக்கு என்மேல் வருத்தம், நல்ல சம்பந்தத்தில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று.

இப்போது ஆனி. கச்சான் பலமாக அடிக்கிறது, தென்கடல் முழுக்க வெள்ளை நுரை. வடகடலில் நேற்று அவள் 15 பெண்களோடு புது மிதவைகளுக்குக் கயிறு கட்டினாள். முள்ளும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிக்கொள்ள என் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்திருந்தேன். விதைப்பாசி கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. அதற்குள் அவன் பதில் வந்துவிடும் என்கிறாள்.